மேட்டுக் கடை நம்பர்

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. சிலர் விசாரித்தீர்கள். ஒருவர், 'எழுதச் சரக்கு தீர்ந்துவிட்டதா மேடம்?' என்று அன்பாகவே கேட்டிருந்தார். சரக்கு இருக்கிறது சார். தூக்கம்தான் இல்லை.

சென்னையில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில், இரும்பு நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். மடியில் ஒரு பழைய பட்டன் போன். அது என் போன் இல்லை, என் நாத்தனாருடையது. ஆனால் அவருடையது மட்டும்தானா என்று கேட்டால்... அங்கேதான் கதையே இருக்கிறது.

என் வேலையைப் பற்றி இங்கே அதிகம் எழுதியதில்லை. எழுதும்படி அதில் ஒன்றும் இல்லை. போர்ட் பிளேரில் ஒரு சின்ன கம்பெனி. வெவ்வேறு ஆபீஸ்களின் கம்ப்யூட்டர் சிஸ்டங்களை ஒன்றோடொன்று பேச வைப்பது எங்கள் பிழைப்பு. ஊருக்குப் பெயர் மாறியதல்லவா? சில சாஃப்ட்வேரில் புதுப் பெயர் ஏறிவிட்டது. சிலவற்றில் பழைய பெயரே உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே ஊர்தான் என்று கம்ப்யூட்டரை நம்ப வைக்க எனக்கு மாதச் சம்பளம். ஜனங்கள் பாட்டுக்கு இரண்டு பெயரையும் சொல்லிக்கொண்டு பஸ் ஏறி இறங்குகிறார்கள்.

ஆரம்பத்தில் இந்த வேலையில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. இப்போது அலுப்புதான் மிச்சம். ஒரு சிஸ்டம் நன்றாக வேலை செய்யும். இன்னொன்றும் நன்றாக வேலை செய்யும். இரண்டையும் சேர்த்துவிட்டால் போதும், அதுவரை யாரும் கேள்விப்படாத ஒரு பிரச்சினை முளைக்கும். கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் மாதிரி. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பக்கமும் தங்கமான மனுஷர்கள். பந்தியில் ஒன்றாக உட்கார வைத்தால்தான் தெரியும்!

சரி, அண்ணியிடம் வருகிறேன்.

சரோஜா அண்ணி என் வீட்டுக்காரரின் அக்கா. போர்ட் பிளேரிலிருந்து ஒரு பகல் பஸ் தூரம் ரங்கத். அங்கிருந்து உள்ளே பிரியும் ஒரு ரோட்டில், மேட்டின் மேல் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கணவர் போய்ப் பல வருடமாகிறது. பிள்ளை இல்லை. கடைதான் எல்லாம். மேட்டைச் சுற்றி வங்காளிகள், தெலுங்குக்காரர்கள், ராஞ்சிக்காரர்கள், நம் ஆட்கள் என்று கலந்து கட்டி வீடுகள். யாருக்கும் அவர் சரோஜா இல்லை. எல்லோருக்கும் 'தீதி', அதாவது அக்கா.

அந்த வட்டாரத்தில் செல்போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே இடம் அந்தக் கடைதான். அதிலும் கடை முழுக்க இல்லை. வெங்காய மூட்டை கிடக்கும் மூலையில் மட்டும்.

ஊரில் போன் இல்லாத வீடு கிடையாது. ஆனால் வீட்டுக்கு ஒரு போன். அது ஆண்களோடு கடலுக்கோ காட்டு வேலைக்கோ போய்விடும். வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு ரேஷன் வாங்க வேண்டும், கேஸ் எடுக்க வேண்டும், கப்பல் டிக்கெட் போட வேண்டும். எதைத் தொட்டாலும் ஓ.டி.பி. ஒன்று வரும். வந்த சில நிமிடத்துக்குள் சொல்லியாக வேண்டும். நடுக்கடலில் இருக்கும் போனுக்கு வந்தால் அதை மீனா படித்துச் சொல்லும்?

ஆகவே எல்லோரும் அண்ணியின் நம்பரைக் கொடுத்தார்கள். கூட்டம் போட்டு எடுத்த முடிவில்லை. "உன் நம்பர் குடுத்துக்கவா தீதி?" என்று ஒருத்தி கேட்டிருப்பாள். "குடு, அதுக்கென்ன" என்று அண்ணி சொல்லியிருப்பார். அப்படியே ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு ஆபீஸாக, அந்த ஒரே நம்பர் பரவிவிட்டது.

ரேஷன் கடை மேட்டுக்குக் கீழே இருக்கிறது. கடைக்காரர் மெஷினைத் தட்டியதும், நம்பர் வந்ததா என்று கீழிருந்து குரல் வரும்: "தீதீ! ஆயா க்யா?" மேலே வெங்காய மூட்டைப் பக்கமிருந்து அண்ணி: "ஆயா, ஆயா! சார்... சாத்... தோ..." நாலு, ஏழு, ரெண்டு என்று இந்தியில். ஒவ்வொரு மெசேஜின் அடியிலும், 'இதை யாரிடமும் பகிர வேண்டாம்' என்று எழுதியிருக்கும். அண்ணி அதை ஊருக்கே கேட்கும்படி கத்துவார்.

(வாசகர்களே, இதைப் பின்பற்றாதீர்கள். நான் எழுதினேன் என்று சொல்லிக்கொண்டு பாங்குக்காரர் முன்னால் போய் நிற்காதீர்கள்.)

எண் மட்டும்தான் சத்தமாக. மற்றபடி யாருக்கு என்ன மெசேஜ் வந்தது, யாருக்கு லோன் நோட்டீஸ், யாருக்கு ஆஸ்பத்திரி ரிசல்ட் என்பதெல்லாம் அண்ணியைத் தாண்டிப் போனதே இல்லை. மூச்சு விடமாட்டார்.

மூச்சு... அதில்தான் வந்தது வினை.

சாத்தம் படகுத்துறையில், பாம்பூஃப்ளாட் போகும் போட்டுக்காக நின்றுகொண்டிருந்தேன். ராஜேஸ்வரி கூப்பிட்டாள். அண்ணியின் பக்கத்து வீட்டுக்காரி. அவள் தாத்தா காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பம். கல்யாணமாகி ரங்கத் பக்கம் வந்தவள். இன்னும் அந்தப் பேச்சு போகவில்லை.

"அக்கா, ஒங்க நாத்தனாரு ஆபரேசன் தேதிய தள்ளி வச்சிட்டாங்களே, ஒங்களுக்குத் தெரியுங்களா?"

தெரியாது. இதய வால்வு சுருங்கிவிட்டது, மெயின்லேண்டில் ஆபரேஷன் செய்ய வேண்டும், தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது தெரியும். சென்னையில் தேதி வாங்கிக் கொடுத்ததே நாங்கள்தான். அண்ணி எங்களிடம் சொல்லாமலே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, "இப்ப தோதுப்படல" என்று தள்ளியிருக்கிறார்.

"ஏன் ராஜேஸ்வரி? பயப்படுறாங்களா?"

"பயமெல்லாம் இல்லீங்க. போன யாருகிட்ட குடுத்துட்டுப் போறதுன்னு யோசிக்கிறாங்க. இப்ப நம்பரு சொல்லவே முடியலீங்க அக்கா. ரெண்டு நம்பரு சொல்லிட்டு ஒக்காந்துர்றாங்க. மூச்சு வாங்கிட்டு மிச்சத்தச் சொல்றாங்க."

போட் வந்தது. நான் ஏறவில்லை. என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

மறுநாள் விடியற்காலை பஸ். காட்டுப் பாதையில் வண்டிகளைக் காவலோடு வரிசையாக விடும் கான்வாய்க்குக் காத்திருந்து, பாராடாங்கில் பஸ்ஸோடு படகில் ஏறி இறங்கி, ரங்கத் போய்ச் சேர்ந்தபோது முதுகு என்னுடையதாக இல்லை. கடையில் அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்து, கால் வீங்கி இருந்தது. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அண்ணி, உயிர் பெருசா, ஓ.டி.பி. பெருசா?"

"கத்தாத சுமதி. ஆஸ்பத்திரிக்காரன் என்ன சொன்னான்? ரிஜிஸ்டர் பண்ணுன போன் கையில இருக்கணும், அட்மிசனுக்கு கோடு வரும், இன்சூரன்சுக்கு கோடு வரும்னு சொன்னானா இல்லியா? இத எடுத்துட்டுப் போயிட்டா இவுக ரேசனுக்கு எங்க போவாக? வெச்சிட்டுப் போனா எனக்கு எவன் ஆபரேசன் பண்ணுவான்? நீ கம்ப்யூட்டர் படிச்சவதான... நீயே சொல்லு."

எங்கள் துறையில் 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்' என்று ஒன்றைப் பற்றிப் பாடமே எடுப்போம். ஒரே ஒரு இடம் பழுதானால் மொத்தமும் நின்றுபோகும் என்றால், அந்த இடத்துக்கு அந்தப் பெயர். நானும் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதற்கு மூச்சு வாங்கி, கால் வீங்கிப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

போனைக் கடையிலேயே வைத்துவிட்டு, சென்னைக்குரிய மெசேஜ் வந்தால் யாராவது கூப்பிட்டுச் சொன்னால் என்ன? சொல்லலாம். ஆனால் மழைக்காலம். மழை இறங்கினால் வெங்காய மூட்டை மூலையும் பந்த். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ரங்கத்து மழை விடும்வரை காத்திருப்பார்களா? வருகிற மெசேஜைத் தானாக அனுப்பிவைக்க ஆப் இருக்கிறதே என்பீர்கள். அது பட்டன் போன் ஐயா. அதில் பாம்பு விளையாட்டு மட்டும்தான் இருக்கிறது.

சரி, எல்லோருடைய நம்பரையும் மாற்றிவிடுவோம் என்று லேப்டாப்பைத் திறந்தேன்.

ரேஷனில் நம்பர் மாற்ற வேண்டுமானால், அடையாள அட்டையில் முதலில் மாறியிருக்க வேண்டும். அடையாள அட்டையில் மாற்ற ரங்கத் சென்டருக்கு நேரில் போக வேண்டும். போவதற்கு முன் ஆன்லைனில் நேரம் வாங்க வேண்டும். நேரம் வாங்க ஓ.டி.பி. வரும்... அது பரவாயில்லை, அண்ணி கத்துவார். எல்லாம் முடிந்து நம்பர் மாறிய பிறகு? 'உங்கள் பாதுகாப்புக்காக' கொஞ்ச காலத்துக்குச் சேவைகள் நிறுத்தி வைக்கப்படும். திருடன் எவனாவது உங்கள் நம்பரை மாற்றியிருக்கலாம் அல்லவா?

ராஜேஸ்வரிதான் துணிந்தாள். "என்னோடத மொதல்ல மாத்திப் பாருங்கக்கா" என்றாள். சென்டரில் கால் கடுக்க நின்று மாற்றிவிட்டு வந்தோம். மாறிய கையோடு அவளுடைய கேஸ் நின்றது. ஹெல்ப்லைனைக் கூப்பிட்டேன்.

"உங்கள் பதிவு எண்ணுக்கு ஒரு ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம் மேடம்."

"பழைய நம்பருக்கா, புது நம்பருக்கா?"

"பாதுகாப்புக் காரணங்களால் அதைச் சொல்ல இயலாது மேடம்."

சிரிக்காதீர்கள். அந்தப் பெண் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தாள். அவளுக்கு அந்த விதியை எழுதிக் கொடுத்தவரும் சரியாகத்தான் எழுதினார். நம்பர் மாறினால் கொஞ்சம் நிறுத்திவை என்பது நியாயம். மெசேஜுக்குச் சில நிமிடம்தான் ஆயுள் என்பதும் நியாயம். ஆஸ்பத்திரியில் போன் கையில் இருக்க வேண்டும் என்பதும் நியாயம். அந்தக் கூட்டங்களில் நான் உட்கார்ந்திருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். எல்லா நியாயங்களும் ஒன்றாகச் சேர்ந்து மேட்டின் மேல் ஒரு பொம்பளையின் மார்பில் ஏறி உட்கார்ந்திருந்தன. கோபப்பட ஒரு ஆள் கிடைத்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். ஆள்தான் இல்லை.

"போதும், நிறுத்து" என்றார் அண்ணி. "அவ விறகு வெச்சு ஊதிக்கிட்டு இருக்கா பாரு. இன்னும் எத்தன வீட்டு அடுப்ப அணைக்கப் போற?"

லேப்டாப்பை மூடினேன். அன்று சாயங்காலம் கடை முன்னால் ஆட்கள் கூடிவிட்டார்கள். ராஜேஸ்வரியின் கேஸ் நின்ற செய்தியும், அண்ணி தேதியைத் தள்ளிய செய்தியும் ஒன்றாகவே பரவியிருந்தன. பிஷு தா என்று ஒருவர். வங்காளி, காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர். அவர் அண்ணியின் முன்னால் வந்து நின்று, போனோடு கிளம்பு என்று ஒரு அதட்டல் போட்டார்.

"தீதி, தும் ஜாவோ. ஃபோன் பீ லேகே ஜாவோ."

"போனையும் எடுத்துட்டுப் போயிட்டா? ஃபிர் தும் லோக்?" என்றார் அண்ணி. அப்புறம் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று.

"அரே, நம்பர் ஹீ தோ ஹை! சென்னை சே போல் தேனா."

நம்பர்தானே, சென்னையிலிருந்து சொல்லு! இத்தனை வருடம் சிஸ்டம் டிசைன் பார்த்த எனக்கு இது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வெளியே சொல்ல வெட்கப்பட்டிருப்பேன்.

சென்னையில் மறுபடி ஒரு தேதி வாங்கினோம். ஏற்பாடு இப்படி ஆயிற்று. நான் அண்ணியோடு சென்னைக்கு. என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டுக் கடைக்கு. கீழே ரேஷன் மெஷினைத் தட்டினால் மெசேஜ் சென்னைக்கு வரும். நான் அதைப் படித்து, என் போனிலிருந்து அவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அவர் மூட்டைப் பக்கமிருந்து கீழே கத்த வேண்டும். ரேஷன் கடைக்கும் மேட்டுக்கும் கூப்பிடு தூரம். இப்போது நடுவில் வங்காள விரிகுடா.

என் வீட்டுக்காரர் ஆபீசில் ஃபைலோடு மட்டும் பேசிப் பழகியவர். முதல் நாள் அவர் கத்தியது பக்கத்தில் இருந்த கோழிக்குக்கூடக் கேட்கவில்லையாம். "தாதா, ஸோர் சே!" (அண்ணா, பலமா!) என்று கீழிருந்து அவருக்குப் பாடம் எடுத்திருக்கிறார்கள். இரண்டாம் நாள் தொண்டை கட்டிவிட்டது. ஆனாலும் வேலை நடந்தது. அண்ணிக்கு ரத்தம் எடுக்கும்போது ஒரு மெசேஜ், எக்கோ எடுக்கும்போது ஒரு மெசேஜ். நான் வராந்தாவில் நடந்துகொண்டே, "ஆறு, ஒன்பது, ஒன்பது" என்று கத்துவேன். போகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அட்மிஷன் கோட் மட்டும் நல்லவேளையாகத் தனியாக வந்தது. இது சரிப்பட்டு வரும்போலிருக்கிறதே என்று நினைத்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள், இன்சூரன்ஸ் கவுன்டரில் கூப்பிட்டார்கள்.

"கோட் வந்திருக்கும், சொல்லுங்க மேடம்."

போன் துடித்தது. படித்தேன். தப்பு என்றது கம்ப்யூட்டர். ரேஷனோ இன்சூரன்ஸோ, அடையாள அட்டையைச் சரிபார்க்க வரும் மெசேஜ் எல்லாம் ஒரே அச்சு. பெயர் இருக்காது. நான் சொன்னது ரங்கத்தில் யாரோ அரிசி வாங்குவதற்கு வந்த எண். கவுன்டர்காரர் மறுபடி அனுப்பினார். அதற்குள் இன்னும் இரண்டு மெசேஜ் சேர்ந்தாற்போல் வந்து விழுந்தன. எது எது? ஒன்றைச் சொன்னேன். அதுவும் தப்பு.

அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"மேடம், இன்னொரு தடவை தப்பாப் போனா லாக் ஆயிடும். லாக் ஆச்சுன்னா முதல்லேருந்து அப்ரூவலுக்கு அனுப்பணும். இந்தத் தேதி போயிடும். இப்ப வேணாம். நாளைக்குக் காலையில தியேட்டருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரே தடவை. சரியாச் சொல்லுங்க."

தேதி போனால்? அன்று காலைதான் சர்ஜன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "ஏற்கெனவே ஒரு தேதியத் தள்ளிட்டாங்க. இன்னொரு தடவை தள்ளினா என்னால பொறுப்பேத்துக்க முடியாது."

சாயங்காலம் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "ரெண்டு தடவை தப்பாப் போச்சுங்க. ரெண்டும் அங்கேருந்து வந்த நம்பர். நாளைக்கு ஒரு தடவைதான் இருக்கு. அதுவும் தப்பாப் போனா தேதி போயிடும்."

"ம்" என்றார். கட்டின தொண்டையோடு வேறென்ன சொல்வார்?

மறுநாள் காலை அண்ணியை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தார்கள். பச்சை அங்கியில் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தார். என் கையைப் பிடித்தார். எனக்குத் தைரியம் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"மெசேஜ் வந்தா ஒடனே சொல்லிரு என்ன. பாவம், நிப்பாக."

கவுன்டரில் பட்டனைத் தட்டினார்கள். போன் ஒரே ஒரு தடவை துடித்தது. ஒரே ஒரு மெசேஜ். ஒவ்வொரு எண்ணாக, கண்ணை அகற்றாமல் படித்தேன். "ஓகே மேடம்" என்றார். தியேட்டர் கதவு சாத்திக்கொண்டது.

அதற்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மடியில் போன். மெசேஜ் வந்தால் சொல்ல வேண்டும் அல்லவா? வரவில்லை. கொஞ்ச நேரம் போயிற்று. அப்போதும் வரவில்லை. சிக்னல் பார்த்தேன், இருந்தது. சார்ஜ் இருந்தது. அணைத்துப் போட்டேன். என் போனிலிருந்து அதற்கு நானே ஒரு மெசேஜ் அனுப்பிப் பார்த்தேன். உடனே வந்தது. எங்கள் தொழிலில் எரர் வந்தால் பயமில்லை. ஒன்றுமே வராமல் இருந்தால்தான் பயம். மதியம்வரை பொறுத்துவிட்டு, வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"என்னங்க, அங்க நெட் போயிருச்சா? ஒரு மெசேஜும் வரல."

"நெட்டெல்லாம் இருக்கு. கேஸ் வண்டிகூட வந்துட்டுப் போச்சு."

கேஸ் வண்டி அந்த மேட்டுக்கு நினைத்தபோதெல்லாம் வராது. வந்தால் ஊரே சிலிண்டரை உருட்டிக்கொண்டு ஓடும். சிலிண்டரை இறக்க ஓ.டி.பி. சொல்ல வேண்டும்.

"ஒரு கோடுகூட வரலியே... யாருமா எடுக்கல?"

"எடுக்கல. நேத்து நீ சொன்னத கடையில சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல, சத்தியமா. அவங்களே பேசிக்கிட்டாங்க. அக்கா கண் முழிக்கிற வரைக்கும் அந்தப் போனுக்கு யாரும் எதுவும் வரவெக்கக் கூடாதுன்னு. ரேஷன் கடைக்காரர் மெஷின் மேல துணியப் போட்டு மூடிட்டார். கேஸ் வண்டிக்காரன் ஹாரன் அடிச்சு அடிச்சுப் பாத்துட்டுப் போயிட்டான்."

மடியில் கிடந்த பட்டன் போனைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"பிஷு தா காலையில கல்கத்தா கப்பலுக்கு டிக்கெட் போடறதா இருந்தார். படுத்த படுக்கையா இருக்காரே அவங்க அண்ணன், அவரப் பாக்க. இன்னைக்குத்தான் புக்கிங் ஓப்பன். போடவே இல்ல. எல்லாம் வித்துப் போச்சாம். இரு, பக்கத்துலதான் நிக்கிறார்."

பிஷு தா போனை வாங்கினார். நான் டிக்கெட்டைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"ஜஹாஸ் தோ ஃபிர் ஆயேகா, பாபி. தீதி கைஸீ ஹை?"

கப்பல் மறுபடியும் வரும், தீதி எப்படி இருக்கிறார் என்றார். அண்ணன் இருப்பாரா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு விஷயம் அவர்களுக்குத் தெரியாது. கோட் சொன்ன அடுத்த நிமிடமே அந்த வேலை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஊர் மொத்தமும் சேர்ந்து மெசேஜ் அனுப்பியிருந்தாலும் தியேட்டருக்குள் ஒரு கத்தரிக்கோல்கூட அசைந்திருக்காது. கண் முழிக்கிற வரை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. ஆபரேஷன் நடக்கும் நேரமெல்லாம் அந்தக் கோட் அண்ணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். டெக்னிக்கலாகப் பார்த்தால் முழுத் தப்பு.

அந்தத் தப்பைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை. போனை வைத்துவிட்டு, அந்த இரும்பு நாற்காலியிலேயே அழுதேன். நன்றாக அழுதேன். எதிர் நாற்காலியில் இருந்த அம்மா, என் ஆள் போய்விட்டார் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சர்ஜன் வெளியே வந்து, "வால்வு நல்லா வேலை செய்யுது" என்றார். நான் கும்பிட்டேன். உடனே ரங்கத்துக்குச் சொன்னேன். வீட்டுக்காரர் முழுதாகக் கேட்காமலே, "அப்ப கண்ணு முழிச்சதும் சொல்லு" என்று வைத்துவிட்டார். அவரும் அவர்கள் கட்சிக்குப் போய்விட்டார்!

அடுத்த நாள் அண்ணி கண் திறந்தார். ஐ.சி.யூ.வுக்குள் கொஞ்ச நேரம் விட்டார்கள். வெளியே நின்றபடியே வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன்: "முழிச்சிட்டாங்க." பட்டன் போனை அணைக்கத் தோன்றவில்லை. அது என் பையிலேயே இருந்தது.

அண்ணியின் கையைத் தொட்டேன். அவர் ஏதோ சொல்ல உதட்டை அசைத்தார். அப்போது பை துடித்தது. ஒரு தடவை. இரண்டு தடவை. அப்புறம் நிற்கவே இல்லை. அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய், பென்ஷன், டிக்கெட் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. ரேஷன் கடைக்காரர் துணியை எடுத்துவிட்டார்போலும்.

அண்ணி மாஸ்க்குக்குள்ளிருந்து, "படி... படிச்சுச் சொல்லு" என்றார்.

நர்ஸ் ஓடி வந்தார். "யாரும்மா இது, ஐ.சி.யூ.ன்னுகூடப் பாக்காம? எத்தனை பேரும்மா இவங்களுக்கு மெசேஜ் பண்றாங்க?"

அந்த நர்ஸுக்கு நான் என்னவென்று சொல்ல? எங்கள் சிஸ்டத்தைக் கேட்டால், அத்தனை பேரும் ஒரே ஆள்.